ஆறே கால் வெயில்

பெயின்ட் வாங்கக் காசில்லை என்றேன்.
துறைமுகத்திலிருந்து
அரை டப்பா கொண்டுவந்தான் நிபால்தோ.
ஏதோ இழுவைப்படகுக்கு அடித்த மிச்சம்.
சிவப்பென்றும் சொல்ல முடியாது
துருவென்றும் சொல்ல முடியாது.
வல்பராய்சோவில் எங்கள் படிக்கட்டுத் தெருவில்
பாதி வீடுகள் இப்படித்தான்
கப்பல்களின் மிச்சத்தை உடுத்தி நிற்கின்றன.

அரை டப்பா ஒரு சுவருக்கும் போதாது.
வாசல் கதவுக்கு அடித்தேன்,
உள்பக்கம் மட்டும்.
கிளம்பிப் போகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற சிவப்பு.

மற்றதெல்லாம் காசில்லாத வேலை.
சமையலறைத் திரை படுக்கையறைக்குப் போனது;
முதல் இரவு முழுக்க
பொரித்த மீன் வாசத்தில் தூங்கினோம்.
படுக்கையறையின் சரிகைத் திரை
அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கியது,
கல்யாணத்துக்கு வந்த இடத்தில்
பாத்திரம் கழுவ நின்றுவிட்டவள் போல.

கம்பளத்தை அரைவட்டம் திருப்பினேன்.
சிகரெட் சுட்ட ஓட்டை
கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தது.
மறுமுனையிலிருந்து
நான் மறந்தே போன ஒயின் கறை ஒன்று
நடு அறையில் வந்து உட்கார்ந்துகொண்டது.
இருக்கட்டும்.
புதுக் கறை மாதிரிதான் இருந்தது.

படிக்கட்டோரம் தானாய் முளைத்திருந்த
பெருஞ்சீரகச் செடியில் நாலு கொப்பு ஒடித்து
ஜாம் பாட்டிலில் வைத்தேன்.
‘சாலட்டா?’ என்றான் நிபால்தோ.

பீரோவை நகர்த்தினால்
அதன் முதுகுக்குப் பின்னால்
ஆளுயர நீலச் செவ்வகம்.
வெயில் கண்டே இராத சுவர்.
இந்த அறை நீலமா?
பதினோரு வருஷமாய்
சாம்பல் நிறத்தில் வாழ்வதாக நினைத்திருந்தோம்.
மறுபடி மறைக்க மனசில்லை.
நடுவில் ஓர் ஆணி அடித்து
அவன் தொப்பியை மாட்டினேன்.
கடலில் யாரோ மூழ்கிய மாதிரி இருக்கிறது என்றான்.
தொப்பியை எடுத்துவிட்டேன்.
ஆணி இருக்கிறது.

கடைசியாகக் கண்ணாடி.
நடைவழி இருட்டில் தொங்கி
எங்களைக் கழுத்துக்குக் கீழே மட்டும்
காட்டிக்கொண்டிருந்த கண்ணாடி.
கழற்றி, வினிகர் போட்டுத் துடைத்து
மேற்கு ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டினேன்.
அறைக்குள் ஒரு துண்டு விரிகுடா வந்தது.
வலப்பக்கம் போகிற கப்பல்
சுவரில் இடப்பக்கம் போனது.
கிரேன்கள் கைமாறிச் சரக்கு இறக்கின.

நான்காம் நாள் கதவு தட்டும் சத்தம்.
பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு
தோன் எவரிஸ்தோ.
அத்தனை படி இறங்கி, அத்தனை படி ஏறி
மூச்சிரைக்க நின்றார்.
இத்தனை வருஷத்தில்
கையசைத்ததோடு சரி.

‘கண்ணாடி மாட்டினீர்களா?’

‘கண் கூசுகிறதா? இப்போதே கழற்றிவிடுகிறேன்.’

‘மத்தியானத்தோடு எங்கள் வீட்டில் வெயில் தீர்ந்துபோகும்.
நாலு நாளாய் ஆறே காலுக்கு
இன்னொன்று வருகிறது.
ரொட்டித் தட்டு அகலம் இருக்கும்.
அதற்காக ஃபிலோமேனா நாற்காலியை நகர்த்தினாள்.
நாற்காலிக்காக மேசையை.
மேசைக்காக ரேடியோவை.
நேற்று என்னை.
கழற்றிவிடாதீர்கள்.
அதைச் சொல்லத்தான் வந்தேன்.’

சிவப்புக் கதவை உள்ளிருந்து பார்த்து
என்ன நிறம் இது என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.
போகும்போது பெருஞ்சீரகத்தில் ஒரு கொப்பு
மீனுக்கு வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்.

இப்போது மே மாதம்.
வெயில் வடக்கே ஒதுங்கிக்கொண்டே போகிறது.
வாரம் ஒருமுறை
கண்ணாடிக்குப் பின்னால்
மடித்த அட்டை செருகி
துளித்துளியாய்த் திருப்புகிறேன்.
பள்ளத்துக்கு அப்பால் ஒரு கை உயரும்:
இன்னும், இன்னும், ஐயோ அதிகம்,
சரி.

நிபால்தோவுக்குத்தான் ஒன்றும் பழகவில்லை.
ராத்திரி வேலை முடிந்து
விளக்குப் போடாமல் வருகிறான்.
மேசை இருந்த இடத்தில்
சாவியை வைக்கிறான்.
அது தரையில் விழும் சத்தம் கேட்டு
நான் புரண்டு படுத்து
அவனுக்கு இடம் விடுகிறேன்.