இடப்பக்கம் தேயும்

சான் ரெமோ பாலத்தில் ஏறியதுமே
காரை அரை அடி தள்ளிவிட்டது காற்று.
"தெற்குக் காத்து" என்றான் கெல்வின்.
"நேர்கோட்டில் முந்துறவனை
முதல் வளைவிலேயே புல்லுக்குள் தூக்கிப் போடும்."
பந்தயத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம்.
காருக்குள் சீசன் தொடங்கிவிட்டது.

குளிர்காலம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தோம்:
கூரைத் தகரம், வீட்டுக்கடன்,
ப்ரான்வினின் விவாகரத்து.
அதெல்லாம் தொண்டையைச் செருமுவது மாதிரி.
பேச்சு என்றால் இதுதான்.

மேட்டில் எங்கள் இடத்தில்
போன வருடம் கூடாரம் அடித்த ஆணிக்குழி
அப்படியே இருக்கிறது, எறும்புகள் குடியேறி.
ஒரு கையில் பாஸ் நீரிணை, நுரைத்து நுரைத்து.
மறு கையில் தார்.
நடுவில் டிக்கெட் வாங்காத இரண்டு காட்டு வாத்துகள்
வேலிக்கு உள்ளே மேய்கின்றன.

வெர்காரி சிவப்பு வண்டியை விட்டுப்
பச்சைக்குப் போய்விட்டான்.
இதற்குத்தான் இவ்வளவு சண்டை.
"காசுக்குப் போனவன்" என்கிறாள் ப்ரான்வின்,
போனவர்கள் எல்லாரையும் சேர்த்து.
"வித்தை வண்டியில் இருந்துச்சு, கையில் இல்லை"
கெல்வின் ஒற்றைக் காலில் நிற்கிறான்.
(இன்னொரு காலில் உலோக முட்டி. இடது.)
வருடா வருடம் இன்வர்கார்கிலிலிருந்து
கடல் தாண்டி வரும் டூயி
சாண்ட்விச்சைப் பிரித்தபடி மெல்லக் கேட்கிறாள்:
"ஹெரெஸ் சோதனையில் அவன்தானே முதல்?"
"அது மழை! மழையில் அடிச்ச நேரம் ஒரு நேரமா?"
பக்கத்துக் கூடாரத்திலிருந்து
முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து வந்து
மழைக்காக வாதாடுகிறார்.
அவருக்கும் ஒரு பியர்.

இங்கே ஓட்டம் இடஞ்சுழி.
ஏழு வளைவு இடம், ஐந்து வலம்.
டயரின் இடப்பக்கம் கொதித்துத் தோலுரியும்,
வலப்பக்கம் கடையில் வாங்கிய மேனிக்கு இருக்கும்.
ரப்பரைக் காப்பாற்றுபவன் ஜெயிப்பான் என்பது
இந்த மேட்டில் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம்.
யார் காப்பாற்றுவான் என்பதில்
நாற்பது கட்சி.

நான் எந்தக் கட்சியும் இல்லை.
வொந்தாகி மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து
சீருடை மேல் ஜாக்கெட் போட்டு வந்தவள்.
நேற்று இரண்டு மணிக்கு ஒருத்தன்,
பந்தயம் பார்க்க வந்த வழியில்
கிராண்ட்வில் பக்கம் சறுக்கியவன்,
இடது முழங்கையெல்லாம் ரோடு.
இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்துத்
தட்டில் போட்டேன். டிங். டிங்.
வலிக்கிறதா என்றேன்.
"மூணு மணிக்கு முன்னால விட்டுடுவீங்களா?" என்றான்.
ஓய்வெடு என்று எழுதிக் கொடுத்தேன்.
அந்தக் காகிதத்தை அவன் மடித்த விதத்திலேயே
எனக்குத் தெரிந்துவிட்டது.

அதோ, நான்கு வரிசை கீழே,
என் கட்டு,
நான் ஒட்டிய பிளாஸ்டர்.
நல்ல கையை ஆட்டி ஆட்டி
பச்சை வண்டிக்காரனுக்காக
ஒரு குடும்பத்தையே எதிர்த்துக்கொண்டிருக்கிறான்.
திட்டலாமென்று எழுந்தேன்.
என் பையிலும்
காதடைப்பான் இரண்டு ஜோடி இருந்தது.
உட்கார்ந்தேன்.

வாத்துகளை ஓர் ஆள் கொடியால் விரட்டுகிறார்.
அவை அவசரப்படவில்லை.
உலகமே காத்திருக்க, ஒன்று நின்று
தார் மேல் எச்சமிட்டது.
ப்ரான்வின் கைதட்டினாள்.

வெர்காரி ஒன்பதாவது இடத்தில் நிற்கிறான்.
"பார்த்தியா" என்கிறான் கெல்வின்.
"பார்க்கத்தானே போறோம்" என்கிறாள் டூயி.

சிவப்பு விளக்குகள்.
மேடு முழுக்க ஒரே நேரத்தில்
வாயை மூடிய அந்த ஒரு மூச்சு.
இதற்குத்தான் நான் வருகிறேன் போல.

பிறகு சத்தம், நெஞ்செலும்பில்.
முதல் வளைவுக்குள் இருபதுக்கு மேல் வண்டிகள்
ஒரு கதவில் நுழையும் கல்யாணக் கூட்டமாய்;
அதில் ஒரு பச்சை, உள்பக்கமாக,
இடமே இல்லாத இடத்தில்.

ப்ரான்வின் என் தோளை உலுக்கி
என்னமோ கத்துகிறாள்.
ஒரு சொல்லும் காதில் விழவில்லை.
"இல்லவே இல்லை!" என்று
நானும் கத்தினேன்.