எறும்பு தின்ற இரண்டு கிலோமீட்டர்

வியாழன் மாலை நாலரைக்கு,
வெயில் கொஞ்சம் மனமிறங்கும்போது,
மூன்று டப்பாவும் ஒரு டீ வடிகட்டியுமாக
பிர்கத் அல் மௌஸில் காரை நிறுத்துவேன்.
முழங்கால் சவ்வு கிழிந்த நாளிலிருந்து
ஓடுகிறவர்களுக்குக் கோடு போடுவது என் பாடு.

வெள்ளை, வெறும் அரிசிமாவு. இரண்டு கிலோமீட்டர்.
புதிதாக வருகிறவர்களுக்கு,
பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆனவர்களுக்கு,
சர்க்கரை எவ்வளவென்று பார்த்து
அன்றிரவே ஷூ வாங்கியவர்களுக்கு.
ஃபலஜ் வாய்க்காலை ஒட்டியே போகும்.
கணுக்காலளவுத் தண்ணீர் கூடவே வரும்,
நீங்கள் நின்றால் அது நிற்காது,
நின்றதை யாரிடமும் சொல்லாது.
பேரீச்சை நிழல், அதற்குள் வாழை நிழல்,
அதற்கும் கீழே ஆடுகளுக்கான குதிரைமசால்.
மேடே கிடையாது.

மாவில் மஞ்சள்தூள் கலந்தது ஐந்து.
பாதித் தோட்டம்வரை வெள்ளையோடு கைகோத்துப் போய்
உடைந்த மதிலில் பிரிந்து
வாதிக்குள் இறங்கிவிடும்.
கூழாங்கல் உருளும், கண் தரையில் இருக்கட்டும்.
மழை வருமென்று யாராவது சொன்னால்
அந்த வாரம் மஞ்சள் டப்பாவைத் திறக்கவே மாட்டேன்.

காவிப்பொடி பத்து.
தொடக்கத்திலேயே தனியாக ஏறும்,
கூரையில்லாத மண்வீடுகளுக்கு நடுவே,
காவல் கோபுரத்தைச் சுற்றி, கழுதைத் தடத்தில்.
உச்சியில் நின்று திரும்பினால்
பழுப்பு மலைகளுக்கு நடுவில் தோட்டம் மொத்தமும்
யாரோ காயப்போட்டு மறந்த பச்சைத் துண்டு.
ஜெபசிங் அங்கே நின்று
கைக்கடிகாரம் பார்ப்பான்.

போன வெள்ளி அமலி வந்தாள்,
நிஸ்வா ஆஸ்பத்திரி, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்,
இரவு ட்யூட்டியிலிருந்து நேராக.
எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்,
கிழக்கு இன்னும் சாம்பல்.
“மேலே ஏறாதீங்க, வாய்க்கால் ஓரமா
கோடு இருக்கும், அதோடயே போங்க,
ரெண்டு கிலோமீட்டர்தான்.”
போனைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

இருபது நிமிடம். ஆரஞ்சு உரித்தேன்.
முப்பது. சுலைமானி ஆறியது.
ஹமூத் மண்வெட்டியோடு மடை திருப்ப வந்தவர்
அரபியும் இந்தியும் விரல்களுமாகச் சொன்னார்:
உங்கள் வெள்ளைக் கோடு ராத்திரியே கிளம்பிவிட்டது,
எறும்புகள், வரிசையாக,
ஒரு பொட்டு விடவில்லை.
மஞ்சளை மட்டும் முகர்ந்து பார்த்துத் திரும்பிவிட்டன.

நாற்பத்தைந்து. மஞ்சள்காரர்கள் வந்துவிட்டார்கள்,
யாரும் அவளைப் பார்த்திருக்கவில்லை.
காலை இழுத்துக்கொண்டு மதில்வரை போனேன்.
ஐம்பத்தெட்டில் வாதிப் பக்கமிருந்து வந்தாள்,
முழங்கால்வரை வெள்ளைப் புழுதி,
ஒரு லேஸ் அவிழ்ந்து,
ஓட்டமென்றும் சொல்ல முடியாது, நடையென்றும்.

“ரெண்டு கிலோமீட்டர் இவ்வளவு நீளமாங்க?”

மலையிலிருந்து இறங்கிவந்த ஜெபசிங் வாயைத் திறந்தான்.
அதில் ஒரு ஆரஞ்சுச் சுளையை வைத்தேன்.
“முதல் தடவை அப்படித்தான் தெரியும்.”

காரில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டே இருந்தாள்.
பாறைக் குழியில் விரல்நீள மீன்களாம்,
காலை வைத்ததும் வந்து கடித்துப் பார்த்தனவாம்.
கருவேலமரக் கவட்டையில் ஒரு ஆடு,
எப்படி ஏறியதோ.
வெயில் முதலில் உச்சியில் விழுந்து
ஒவ்வொரு பாறையாக இறங்கிவந்து
தன் முதுகில் கைவைத்ததாம்.
இதெல்லாம் வெள்ளைப் பாதையில் கிடையாது.
நான் தலையாட்டினேன்.

கதவைச் சாத்துமுன் கேட்டாள்:
“அடுத்த வாரமும் இந்த ரெண்டே ஓடட்டுமா?
அஞ்செல்லாம் இப்போதைக்கு என்னால ஆகாது.”
“சரி” என்றேன்.

நேற்று வியாழன்.
ஃபலஜ் கரையில் குனிந்து, குனிய முடியாமல் குனிந்து,
எறும்புப் புற்று எங்கே என்று தேடினேன்.
மூன்றாவது பேரீச்சையின் வேரில் இருந்தது.
அதன் வாசலிலிருந்தே
வெள்ளையைத் தொடங்கினேன்.