தொடர்பு எண்

சீடர்பிரே நூலகத்தில் ஓர் அட்டைக்கு
ஒரு மணித்தியாலம்தான் கணினி.
இரண்டு அட்டை, இரண்டு மணித்தியாலம் என்று
கணக்குச் சொன்னவள் தேவமனோகரி.
கதிரையை இழுத்து என்னருகே போட்டாள்.
"உன்ரையைத் திற. அதிலையே என்ரையும் செய்."

அப்படித்தான் என் ரெஸ்யூமே
அவளுடையதானது.
என் பெயரை அழித்தேன். அவள் பெயர் நீளம்,
இரண்டாம் வரிக்கு ஓடியது; எழுத்தைச் சிறிதாக்கினேன்.
மன்னார்க் கூட்டுறவுச் சங்கத்தில்
நான் கணக்கு எழுதிய பதினொரு வருடம்
நீலமாகி ஒரு தட்டில் போனது.
அந்த இடத்தில் அவளுடைய ஆஸ்பத்திரி,
மருந்துக் களஞ்சியம், ஒன்பது வருடம்.
'குழுவோடு இணைந்து உழைப்பவர்' என்பதைத் தொடவில்லை.
'நேரந்தவறாதவர்' என்பதையும்.
பள்ளிக்கூடச் சீருடை மாதிரி
அது ஆருக்கும் பொருந்தும்.

ஐம்பது இறாத்தல் தூக்குவீர்களா என்றது தளம்.
"எதை?" என்றாள்.
ஆம் என்பதில் புள்ளடி போட்டேன்.
இரண்டு வருட இடைவெளிக்குக் காரணம் கேட்டது.
பட்டியலில் நாலே நாலு:
படிப்பு, பிள்ளைப்பேறு, நோய், பயணம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், நெடுநேரம்.
"பயணம் எண்டு போடு.
நடந்துதானே போனது."

ரெஸ்யூமேயை ஏற்றிய பிறகு
அதிலுள்ளதையெல்லாம் திரும்பவும் எழுதச் சொன்னது.
"வாசிக்கத் தெரியாததுக்கு ஏன் குடுத்தனாங்கள்?"
பக்கத்து மேசைப் பெடியன் திரும்பிப் பார்த்தான்.

நான் பதினேழு இடத்துக்குப் போட்டேன்.
ஒரு மறுப்பு இரவு இரண்டேகாலுக்கு வந்தது.
அந்த நேரம் விழித்திருந்து
என்னை வேண்டாமென்பது யார்?

மாசிக் குளிர், மார்க்கம் வீதி பஸ் தரிப்பு.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி எடுத்தால்
"டேவா… மனோ… ஹாரி?" என்கிறது ஒரு பெண்குரல்.

அப்போதுதான் விளங்கியது:
பெயரை, ஊரை, ஒன்பது வருடத்தை மாற்றிய நான்
தொலைபேசி எண்ணை மாற்றவில்லை.

அதே களஞ்சியசாலைக்கு நானும் போட்டிருந்தேன்.
அதே நாள், அதே கணினி, அதே நேரந்தவறாமை.
இரண்டேகால் மணி மின்னஞ்சல்
அங்கிருந்துதான்.

பிழையான எண் என்று சொல்லியிருக்கலாம்.
சொன்னால் வைத்துவிடுவாள்,
பட்டியலில் அடுத்த பெயருக்குப் போவாள்.
அடுத்த பெயர் நானாக இருக்கலாம் என்றும்
ஒருகணம் நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது.
பிறகு, "யெஸ், ஸ்பீக்கிங்."

பன்னிரண்டு நிமிடம் நான் தேவமனோகரி.
ஒருநாளும் கால் வைக்காத ஆஸ்பத்திரியில்
காலாவதித் திகதி பார்த்துப் பெட்டிகளை அடுக்கினேன்.
நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்றாள்.
மின்சாரம் போன இரவைச் சொன்னேன்,
ஜெனரேட்டர் கிளம்பாததை,
தடுப்பூசிக் குப்பிகளை ஈரச் சாக்கில் சுற்றி
விடியும்வரை தண்ணீர் தெளித்ததை.
பஸ்ஸில் அவள் எனக்குச் சொன்னது,
வேறெதையோ சொல்லிக்கொண்டு போகும்போது.
எனக்கு முன்னால் இரண்டு பஸ் நின்று போயின.

திங்கட்கிழமை, காலை ஏழு மணி. இரும்புமுனைச் சப்பாத்து.

அவளுடைய நிலவறை வீட்டுப் படியில் நின்று சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"ஜெனரேட்டர் கதையும் சொன்னனியோ?"
"ஓம்."
"விடியேக்கை குப்பியெல்லாம் பழுதாப் போச்செண்டு?"
"அது சொல்லேல்லை."
"நல்லது," என்றாள்.
அடுப்பில் எதுவோ பொங்கி வழிந்தது;
இருவரும் போகவில்லை.

சப்பாத்து என்னிடம் இருந்தது.
தையிலேயே அரைவிலைக்கு வாங்கி
பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தேன்.
அவளுக்குச் சற்றுப் பெரிது.
காலுறை இரண்டு போடச் சொன்னேன்.