வேறென்ன எடுக்கிறீர்கள்?

நாலரைக்கு முதல் குளிசை.
வெறும் வயிறு, ஒரு கிளாஸ் தண்ணீர்.
தொண்டையில் இருந்த தைரொயிட்டை வெட்டியெடுத்துப்
பதினாறு வருஷம்.
அது பார்த்த வேலையை இப்போது
மிளகளவு வெள்ளைத் துண்டொன்று பார்க்கிறது.

தேத்தண்ணி ஐந்தரைக்குத்தான்.
அந்த ஒரு மணி நேரம்
யன்னலடியில் நிற்பேன்.
வாசலில் கார்,
மூக்கிலிருந்து வயர் தொங்க
சேலைன் ஏறும் நோயாளி மாதிரி.
வின்னிபெக்கின் தை மாதத்தில்
எஞ்சினுக்கும் இரவெல்லாம் சூடேற்றினால்தான்
விடிய எழும்பும்.

இரண்டாம் குளிசை,
இடது மார்பை எடுத்தபிறகு எழுதித் தந்தது.
தமொக்சிஃபென்.
பெயரை நாக்குக்குப் பழக்க ஒரு மாதம்.
ஐந்து வருஷம் என்றார்கள்,
பிறகு பார்ப்போம் என்றார்கள்.
இதற்கும் அதற்கும் பகை இல்லை,
ஆனால் இது வந்தால் அது சிலருக்குப் போதாமல் போகும்,
ஆறு கிழமையில் இரத்தம் பார்ப்போம் என்றார் டொக்டர்.
சம்பந்தி வீட்டார் மாதிரி என்று விளங்கிக்கொண்டேன்:
சண்டையில்லை,
உலையில் மட்டும் ஒரு சுண்டு அரிசி கூடப் போட வேண்டும்.
கல்சியம் பின்னேரம்,
பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டபிறகு.
அதை முதல் குளிசைக்குக் கிட்ட விடக்கூடாது,
நாலு மணி நேரமாவது தள்ளி.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன்.
முப்பத்தொரு பிள்ளைகள்.
மைனஸ் இருபத்தொன்பதில்,
போர்ட்டேஜ் வீதிச் சிவப்பு விளக்கில்,
நெஞ்சிலிருந்து நெருப்பொன்று காதுவரை ஏறும்.
யன்னலை ஒரு விரற்கடை இறக்குவேன்.
“மிஸ், உங்களுக்குப் பைத்தியமா?”
ஓவன், இரண்டாம் வகுப்பு,
தொப்பிக்குள்ளிருந்து.

அதோடு மயிரும் கொட்டியது.
சீப்பில், தலையணையில், சீற் பெல்ற்றில்.
கோயிலில் செருப்பு மாட்டும்போது
சுகிர்தா சொன்னாள்:
பயோட்டின் எடுங்கோ அக்கா,
வெறும் விற்றமின்தானே.
றோஸ் நிறப் போத்தல்.
மூடியைத் திறந்தால் ஸ்ட்ரோபெரி மணக்கும்.

இரத்தம் எடுத்தார்கள்.
தைரொயிட் குளிசை கூடிப்போச்சு என்றது கடதாசி.
குறைத்தார்கள்.

மாசியில் எனக்குக் குளிரத் தொடங்கியது.
மேலே எரியும், அடியில் உறையும்,
நடுவில் நான் எங்கேயென்று தெரியாது.
படியில் முழங்கால் சொல் கேட்கவில்லை.
ஒரு விடியப்புறம்
ஓவனின் பெயர் வாய்க்கு வரவில்லை.
அவன் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.
அன்றே வேறு சாரதி போடச் சொல்லி அறிவித்தேன்.
கடதாசி மறுபடியும் கூட என்றது.
மறுபடியும் குறைத்தார்கள்.
புற்றுநோய்க்காரிக்குக் களைப்பு வராதா என்றார் இவர்,
ஆறுதலாகத்தான்.

புதுக் குளிசை வாங்கப் போன இடத்தில்
மரிசெல், மருந்துக்கடைக்காரி, மணிலாப் பிள்ளை,
இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.
வேறென்ன எடுக்கிறீர்கள்?
ஒன்றுமில்லை.
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்,
பையைத் திறவுங்கள் என்றாள்.

கவுண்டரில் பரப்பினேன்:
கல்சியம். வெந்தயப் பொடி.
மடித்த திருநீறு. றோஸ் போத்தல்.
திருநீற்றை மட்டும் உடனே திருப்பித் தந்தாள்.
போத்தலை வெளிச்சத்தில் பிடித்து
சின்ன எழுத்தை வாசித்தாள். நேரமெடுத்தது.

இது உங்களை ஏமாற்றவில்லை,
இரத்தம் பார்க்கிற மெஷினை ஏமாற்றியிருக்கலாம் என்றாள்.
குளிசையில் நீங்களாக எதையும் மாற்றாதீர்கள்,
இதை மட்டும் நிறுத்துங்கள்,
டொக்டரோடு நான் பேசுகிறேன்.

ஒரு கிழமை கழித்து எடுத்த இரத்தம்
தலைகீழாகப் பேசியது.
எனக்குப் போதவில்லையாம்.
என் முழங்காலுக்கு அது மாசியிலேயே தெரியும்.

சித்திரையில் காரின் வயரைச் சுருட்டி வைத்தேன்.
யன்னலை இன்னமும் இறக்குகிறேன்,
ஓவன் இப்போது ஒன்றும் கேட்பதில்லை,
தன் யன்னலையும் இறக்குகிறான்.

கோயிலில் சுகிர்தா,
கண் சுருங்கி, இரண்டு சுவெற்றர் போட்டபடி,
நாலு மாதமாக ஒரே களைப்பு அக்கா,
இரத்தம் நல்லாத்தான் இருக்காம் என்றாள்.

வேறென்ன எடுக்கிறாய்?

ஒன்றுமில்லை என்றாள்.