ஒரு மூடி

கோடியக்கரைச் சாவடி நோட்டில்
பெயரும் வண்டி எண்ணும் எழுதிவிட்டு
நடக்கத் தொடங்கியபோது மணி ஆறே கால்.

ஜெய்த்தூன் பையில் ஒரு புட்டி.
அதன்மேல் பேனாக் கோடுகள், மருந்துச் சீசாபோல.
நாளுக்கு எழுநூறு மில்லி, அவ்வளவுதான் என்று
தஞ்சாவூர் டாக்டர் போட்ட கணக்கு.
"தண்ணி குடிக்கக் கூடாதவளை
ஊத்துப் பார்க்கக் கூட்டிட்டுப் போறியே!"
வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

முதலில் பாலை மரங்கள்.
பெயர்தான் பாலை,
கோடையிலும் இலை தடித்து, நிழல் கறுத்து.
அவை தீர்ந்த இடத்தில் தொடங்கியது
பெயர்ப்பலகை இல்லாத இன்னொரு பாலை:
வெடித்த சேறு, பூத்த உப்பு,
எங்களையே திரும்பப் பார்க்கும் வெயில்.

மேட்டூர் திறக்க இன்னும் பதினெட்டு நாள்.
திறந்தாலும் இங்கே வராது.
கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் பிரிந்து,
வாய்க்காலுக்கு வாய்க்கால் பெயர் மாறி
தன் கடைசி எழுத்தை ஏதோ ஒரு மடையில்
விட்டுவிடும் காவிரி.

கைபேசி வரைபடத்தில்
எங்கள் நீலப்புள்ளி கடலுக்குள் நின்றது.
"மூழ்கிட்டோம்டி" என்றாள்.

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்
தாம்பாளம் அளவுக்கு ஈரம்.
மட்டக்குதிரை குளம்பால் கிளறிய குழி, பக்கத்தில் லத்தி.
இதற்காகவா ஆறு கிலோமீட்டர்?

"மழைத்தண்ணிதான்" என்றார் வாச்சர் சேதுராசன்.
"உப்புத்தண்ணி மேல மிதக்குது.
ஆழமாத் தோண்டினா கெட்டுப்போயிரும்."
இரண்டு கை அள்ளி வெளியே விட்டார்.
குழி அவசரமில்லாமல் ஊறியது.

ஜெய்த்தூன் உட்கார்ந்து
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள்.
அந்தக் குழியும் மெல்ல மெல்லத்தான் நிறைந்தது.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம்.
எது முந்தியது என்று யாரும் சொல்லவில்லை.

தூரத்தில் முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான்
நாங்கள் எப்போது கிளம்புவோம் என்று நின்றது.

தன் புட்டியிலிருந்து ஒரு மூடி மணலில் ஊற்றினாள்.
அதே மூடியால் ஊற்றில் மொண்டாள்.
"குதிரை வாய் வச்சதுடி" என்றேன்.
"கணக்கு சரியாப் போச்சு" என்றாள்,
வாயில் விட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன்.
சாவடியில் அந்தப் பையன் கேட்டான்,
"ஊத்துல தண்ணி இருந்திச்சாக்கா?"
ஜெய்த்தூன் தலையாட்டினாள்.

கன்னம் இன்னும்
உப்பித்தான் இருந்தது.