மூன்றாவது பிளக்

பைசாந்துவில் ஜூலைக் குளிர்.
ஒதிலியாவின் முப்பத்தெட்டாம் வருஷத்து ஓப்பலில்
ஒன்று, இரண்டு, நான்கு கழன்றாயிற்று.
மூன்று மட்டும் முரண்டு.

இரவே எண்ணெய் விட்டிருந்தாள்.
இடம் கால் சுற்று,
வலம் அரைக்கால்.
கிறீச்.
மறுபடி எண்ணெய், ஒரு குவளை மாத்தே.

வந்தது.
அடி மரை இரண்டும் மழுங்கல்.
எவன் இப்படிக் கோணலாய் ஏற்றினான் என்று
கத்த வாயெடுத்தவள்
மூடிக்கொண்டாள்.
ஜனவரியில் ஏல்வியோவோடு சண்டை போட்ட கையோடு
இதே ஸ்பானரில் தொங்கியது யார்?

புது பிளக்.
ஸ்பானர் பெஞ்சிலேயே கிடக்கட்டும்.
வெறும் விரலால், முதலில்
பின்பக்கமாக ஒரு சுற்று.
மரையில் மரை விழும் சின்ன 'டக்'.
அப்புறம்தான் முன்பக்கம்.

ஸ்டார்ட்டரை இழுத்தாள்.
மூன்று இருமல், பிறகு நான்கும்.
தெரு நாய்கள் அத்தனையும்
எழுந்து நின்றன.