நூற்று முப்பத்தொரு விழுக்காடு

முதலில் கிடைத்தது ஒரு தோட்டா உறை.
பிறகு மத்திமீன் டப்பாவின் மூடி.
மூன்றாம் முறை கருவி கூவியபோது
உர்வே மண்டியிட்டுப் பாசியைக் கத்தியால் விலக்கினாள்:
துருவேறிய ஓர் ஆணித்தலை,
நாற்பத்தாறு ஆண்டுக்கு முன் எவரோ அடித்தது.
வடகிழக்கு மூலை, என்றாள்,
விழுந்த பல் கிடைத்துவிட்டவள் போல.

மூஹு தீவில் மண் நாலு விரற்கடைதான்.
அதன் கீழே சுண்ணாம்புப் பாறை.
அதற்கும் கீழே என்ன என்பது எங்கள் துறை அல்ல.

சட்டத்தை வைத்தோம், மீட்டருக்கு மீட்டர்.
அவள் சொல்வாள், நான் எழுதுவேன்;
பதினொரு கோடையாய் இதே ஏற்பாடு.
ஆட்டுப்புல், இரண்டு.
நடுங்குபுல், ஒன்று.
தைம், இரண்டு. இல்லை, மூன்று போடு,
என் முழங்காலுக்கு அடியிலும் இருக்கிறது.
மஞ்சள் பாறைப்பூ, கூட்டல் குறி.

கூட்டல் குறி என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.
இருக்கிறது, அவ்வளவுதான்
என்பதை இதைவிடச் சிக்கனமாய்ச் சொல்லும் எழுத்து
எனக்குத் தெரியாது.

பூக்காததை இலையின் மயிரை வைத்துச் சொல்வாள்,
மயிரும் இல்லாததை நாக்கில் வைத்து.
நாற்பத்தொன்பதாவதாக ஓர் ஆர்க்கிட்,
சுண்டுவிரல் உயரம்,
ஈ ஒன்று வந்து உட்கார்ந்தது போல் பூ.
ஒற்றை, என்றாள்.
ஒற்றைக்கு அட்டவணையில் தனி எழுத்து உண்டு.
அதை மட்டும் அழுத்தி எழுதினேன்.

ஹெல்யு வேலியோரம் நின்றிருந்தாள்,
கையில் ஆடுகளுக்கான உப்புக்கட்டி.
"புல்வெளியா, புதரா? அதைச் சொன்னால் போதும்."
புல்வெளி என்றால் ஜூனிப்பரை வெட்டக் கூலி வரும்.
புதர் என்றால் ஒரு கிளையைத் தொடக் கூடாது.
நிலத்தில் நூற்றுக்கு முப்பது நிழல்:
அங்கே ஓடுகிறது கோடு.

உர்வே ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். இருபத்தெட்டு.
நான் பார்த்தேன். முப்பத்து மூன்று.
தராசு முள்ளைப் பார்ப்பது போல் ஹெல்யு
எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.
இடம் மாறி நின்று மறுபடி பார்த்தோம்.
இப்போது அவள் முப்பத்து மூன்று,
நான் இருபத்தெட்டு.

அந்த நேரம் பார்த்துத்தான்
கறுத்த முகத்துச் செம்மறி ஒன்று
சட்டத்துக்குள் தலையை நீட்டி
நாற்பத்தொன்பதாவதைத் தின்றது.
அவசரமே இல்லை அதற்கு.
தின்றுவிட்டு எங்களைப் பார்த்து அசைபோட்டது.

ஹெல்யு சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள்.
"அடித்துவிடவா?" என்றேன்.
நான் கேட்டது எழுத்தை; ஆட்டை அல்ல.
"பதினொன்று நாற்பதுக்கு இருந்தது," என்றாள் உர்வே.
"ஆடு வராவிட்டால் பத்து வருஷத்தில்
அது முளைக்கவே இங்கே இடமிருக்காது.
இருக்கட்டும், விடு."
குறிப்புப் பத்தியில் எழுதினேன்:
மேய்ச்சல், நடப்பில் உள்ளது.

இரவு கூட்டிப் பார்த்தபோது
நூற்று முப்பத்தொரு விழுக்காடு.
தப்பில்லை. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து
ஒன்றின் அடியில் ஒன்று படர்ந்து
ஒரே வெயிலை இரண்டு முறை வாங்கிக்கொள்ளும் இடம்.
கணினி அதை ஏற்றுக்கொண்டது.
பெயர் வைக்கத்தான் தயங்கியது:
ஒரு வகையோடு நாற்பத்தொன்று பொருத்தம்,
மறு வகையோடு முப்பத்தொன்பது.
மயங்கிய திணை.
அதற்குக் குறியீட்டு எண் இல்லை,
ஹெல்யுவுக்கு வேண்டியதோ எண்.

காலையில் திரும்பவும் போனோம்.
ஐம்பது மீட்டர் நாடாவை இழுத்துக் கட்டினோம்.
ஜூனிப்பருக்கு அடியில் விழுந்த நீளம்
சரியாகப் பதினைந்து.
அதாவது முப்பது. அதாவது, கோடேதான்.

உர்வே தாளை மடியில் வைத்துக்கொண்டு
பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.
கடல் பக்கமிருந்து காற்று கிளம்பும் நேரம்.
கடைசிக் கிளையின் நுனி நாடாவுக்கு மேலே
ஒரு விரலளவு உள்ளே, ஒரு விரலளவு வெளியே
ஆடிக்கொண்டிருந்தது.
நான் பென்சிலைச் சீவினேன்.